கற்பகம் பூட்டிய படல்

மலையாள எல்லைக்குள் இருக்கும் எருத்தேன்பதியில் கற்பகத்திடம் வழி கேட்டு முழுதாகப் பதில் வாங்கியவர்கள் குறைவு. கணவர் இறந்த பிறகு நிலத்தில் பங்கு கேட்டு வந்த பங்காளிகளை, தண்ணீர்கூடக் கொடுக்காமல் வாசலோடு திருப்பி அனுப்பியவர். அந்த நிலம்தான் அவருடைய கொறங்காடு. உழாமல் மேய்ச்சலுக்கென்றே விட்டது. சுற்றிலும் கிளுவை முள்வேலி, உள்ளே போக ஒரே ஒரு படல். ஐப்பசி மழையில் கொழுக்கட்டைப் புல் முழங்காலுக்கு மேல் எழும். கதிர் முற்றி விதை உதிரும்வரை தன் மாடுகளைக்கூட அவர் உள்ளே விடமாட்டார். விதை விழாவிட்டால் அடுத்த வருஷம் புல் இல்லை. புல் இல்லாவிட்டால் பால் இல்லை.

அந்தப் புல்லில்தான் பூனைப்பருந்துகள் இறங்கின. மத்திய ஆசியாவின் குளிருக்குத் தப்பி வருபவை. பகலெல்லாம் இரை தேடிவிட்டு, பொழுது சாய்ந்ததும் மரத்தில் அடையாமல், தரையில் உயர்ந்த புல்லுக்குள் கூட்டமாக அடையும்.

கற்பகத்துக்கு அவை வெறும் பருந்து. அவற்றை இன்னவென்று கண்டுபிடித்தவர் போன வருஷம் பக்கத்துச் சித்தூரிலிருந்து வந்த வங்கி ஊழியர் சிவப்பிரகாஷ். "அக்கா, வேலியோரமா நின்னு பார்த்துட்டுப் போயிடறனுங்க" என்றார். கேட்ட விதம் பிடித்துப்போய், கற்பகம் படலைத் திறந்துவிட்டு மோரும் கொடுத்தார்.

பறவைகள் அடையும் இடத்தை வெளியே சொல்லக் கூடாது என்பது பறவை பார்ப்பவர்களுக்குள் ஓர் ஏற்பாடு. சிவப்பிரகாஷும் சொல்லவில்லை. படத்தை மட்டும் வாட்ஸப் குழுவில் போட்டார். சாம்பல் நிற ஆண் பருந்து, அருமையான வெளிச்சம். அதற்குப் பின்னால் பஞ்சாயத்துத் தண்ணீர்த்தொட்டி, பெரிய எழுத்தில் ஊர்ப்பெயரோடு.

அந்த ஞாயிற்றுக்கிழமையே கார்கள் வந்தன. கற்பகம் சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போயிருந்த நேரம். படலைத் திறந்தவர்கள் மூடாமல் போனார்கள். கால்கள் மிதித்தது போக மிச்சத்தைப் பக்கத்துக் காட்டுக்காரரின் ஆடுகள் கதிரோடு தின்றன. கோடையில் வைக்கோல் வாங்கிக் கட்டுப்படியாகாமல், சினை மாடு ஒன்றைச் சந்தைக்கு ஓட்டினார் கற்பகம்.

இந்த ஐப்பசியில் பருந்துகள் திரும்ப வந்தன. கார்களும் வந்தன. படலில் பூட்டு தொங்கியது.

"சேச்சி, ஒரே ஒரு ஃபோட்டோ மதி, அது போதும்" என்றான் திருச்சூர் ஷஹீர், முழங்கை நீள லென்ஸோடு.

"நான் உனக்குச் சேச்சியா? போயி உங்க சேச்சி காட்டை மிதி."

"ரோடு பஞ்சாயத்தோடதுதானே?"

"அப்ப ரோட்டைப் படம் எடு."

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பின் மறைவில் ஒருவன் வேலிக் கிளையைக் கேமரா முக்காலியால் அமுக்கி உள்ளே கால் வைத்தான். கற்பகத்தின் கையிலிருந்த சாணி கரைத்த வாளி அப்படியே அவன்மேல் கவிழ்ந்தது.

தகவல் கேட்டு சிவப்பிரகாஷ் ஓடி வந்தார். "அக்கா, தப்பு என்ற மேலதானுங்க. இவங்களை நான் அனுப்பி வெக்கறனுங்க."

"நீ அனுப்புனா நாளைக்கு வேற எவனாச்சும் வருவான். என்ற மோரைக் குடிச்சுப்போட்டு ஊருக்கே வழி காட்டுனவந்தானே நீ?"

வீட்டுக்குள் போன கற்பகம், தீபாவளிக்கு வெடித்து மிஞ்சிய சரவெடியோடு திரும்பினார்.

"அக்கா, வேண்டாமுங்க! கோவத்தை எங்க மேல காட்டுங்க. அதுக என்னங்க பண்ணுச்சு?"

"உங்களை வெரட்டுனா மறுபடி வருவீங்க. அதுகளை வெரட்டுனாத்தான் நீங்க வரமாட்டீங்க."

பருந்துகள் அப்போதுதான் தாழ இறங்கிக்கொண்டிருந்தன. படலுக்கு உள்ளே, பாறைமேல் சரத்தின் பாதியை அறுத்து வைத்துக் கொளுத்தினார். வெடி தொடங்கியதும் புல் முழுக்கச் சிறகு. மேலே ஒரு சுற்று சுற்றிவிட்டு, எல்லை தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கம் போய்விட்டன.

"வனத்துறையில சொல்றேன் பாருங்க!" என்று கத்தினான் ஷஹீர்.

"சொல்லு. வர்றப்ப ரெண்டு கட்டு வைக்கோல் கொண்டாரச் சொல்லு."

கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. இந்த இடம் முடிந்தது என்று குழுவில் எழுதிக்கொண்டார்கள். பிறகு அந்தப் பக்கம் ஒருவரும் வரவில்லை.

கதிர் பழுக்கத் தொடங்கிய ஒரு சாயங்காலம், சாம்பல் நிறப் பருந்து ஒன்று வேலியை ஒட்டித் தாழப் பறந்து புல்லுக்குள் இறங்கியது. அதன் பின்னால் இன்னும் சில. கற்பகம் கொட்டகையில் செருகியிருந்த மீதிச் சரத்தை எடுத்துக்கொண்டு படல்வரை நடந்தார். சாலையைப் பார்த்தார். கொழிஞ்சாம்பாறை பஸ் போனது. வேறு வண்டி இல்லை. சரத்தைத் திரும்பக் கொண்டுபோய்ச் செருகினார்.

பால் கறந்துகொண்டிருக்கும்போது சிவப்பிரகாஷின் அழைப்பு வந்தது. போன வருஷம் வாங்கிப் போன எண்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. பருந்து ஏதாச்சும் திரும்பி வந்துச்சுங்களா?"

"ஒண்ணுமில்லை. வெறுங்காடு."

"சரிங்கக்கா. குழுவுல அப்படியே போட்டுடறனுங்க."

"போடு. படம் இல்லாம போடு."