மாமியாருக்கு மருந்து

அண்ணியைப் பற்றிக் கேட்டால் எல்லாரும் ‘பொறுமைசாலி’ என்பார்கள். பொறுமையாவது மண்ணாவது. பம்பு மக்கர் பண்ணினால் அதன் பரம்பரையையே இழுத்துத் திட்டுகிற ஆள் அவள். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் அவள் ஆபரேட்டர். நான் தண்ணீர் சோதிக்கிறவள். அவளுடைய கொழுந்தன் அங்கே ஃபிட்டர். அவன் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு எங்கள் எல்லாருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள்.

அழுக்கை வடிகட்டும் சவ்வுகள் எங்களிடம் இரண்டு விதம். ஒன்று தொட்டிக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கும். அடியில் காற்றை ஊதி மெல்ல உறிஞ்சினால் போதும், இருந்த இடத்தை விட்டு அசையாது. இன்னொன்று தொட்டிக்கு வெளியே குழாய்களுக்குள் இருக்கும். பெரிய பம்பு வைத்துத் தண்ணீரை விரட்ட வேண்டும். கரண்டையும் குடிக்கும், சத்தமும் போடும். முதலாவதற்கு மாமியார், அடுத்ததற்கு மருமகள் என்று அண்ணிதான் பெயர் வைத்தாள். சவ்வு அடைத்துக்கொண்டால் ப்ளீச்சோ ஆசிட்டோ விட்டு ஊறவைப்போம். அதற்கு எங்கள் பேச்சில் மருந்து என்று பெயர். இரண்டு மருந்தும் ஒன்றாகக் கலந்தால் விஷவாயு கிளம்பும்.

அன்றைக்குக் கொழுந்தன் வீட்டில் இருந்த அவளுடைய நிஜ மாமியாருக்குக் காய்ச்சல். காலையில் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் கொழுந்தனிடமிருந்து போன்.

“மாமியாருக்கு மருந்து குடுத்தாச்சு அண்ணி. கவலப்படாதீங்க.”

நிம்மதியாக வந்து சேர்ந்தவள், தொட்டிக்கு ஆசிட் பம்பைப் போட்டாள். அன்று ஆசிட் முறை. நான் பாட்டிலோடு பக்கத்தில் நின்றிருந்தேன்.

“புண்ணியவான், ஒருநாளாவது வீட்டு வேல பாத்துருக்கான். மாமியாருக்கு மருந்து குடுத்தாச்சுன்னு போன் வேற,” என்று சிரித்தாள்.

சிரிப்பு பாதியில் நின்றது.

“பெத்த தாய எவனாவது மாமியார்னு சொல்வானாடி?”

அவன் சொன்னது தொட்டியை. ஃபிட்டர் விடுவது ப்ளீச் மட்டும்தான்; தொட்டிக்குள் ஏற்கெனவே அது இருக்கிறது. அவள் பம்பை நிறுத்தினாள். தொட்டி அறையின் வாசலில் அவன் செருப்பு கிடந்தது. உள்ளே காற்றுக்குழாயை முடுக்கிக்கொண்டிருக்கிறான் போல.

“மாஸ்க்கப் போட்டுட்டுப் போ,” என்று கத்தினேன். கேட்டால்தானே. மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்து நுழைந்துவிட்டாள். நெடி என் கண்ணில் அறைந்தது. நான் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு ஓடினேன். நடைபாதையில் மண்டியிட்டுக் கிடந்தவனின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். ஆளுக்கொரு கையாக வெளியே கொண்டுவந்து போட்டோம். அவன் உதடு நீலமாக இருந்தது. எனக்குப் பயத்தைவிட அவள்மேல் வந்த ஆத்திரம்தான் பெரிது. இரண்டு பேருமாகப் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் மாஸ்க்குக்குள் அவன் இழுத்து இழுத்து மூச்சு விட்டான். நெஞ்சு ஏறி இறங்குவதையே அண்ணி பார்த்துக்கொண்டு நின்றாள். பிழைத்துக்கொள்வான் என்று டாக்டர் சொன்னபிறகும் அவள் உட்காரவில்லை. நர்ஸ் சீட்டோடு வந்தாள்.

“கூட வந்தது நீங்களா? இவருக்கு நீங்க என்ன வேணும்?”

“இவன இந்தக் கதிக்கு ஆளாக்குனவ. அப்படியே எழுதிக்கங்க.”

நர்ஸ் எழுதாமல் என்னைப் பார்த்தாள். கட்டிலில் கிடந்தவன் மாஸ்க்கை ஒதுக்கினான். இருமல் அடங்கும்வரை காத்திருந்தான்.

“அண்ணி,” என்றான். “அண்ணின்னு போடுங்க.”