டிரிப் ஆகாத அயர்ன் பாக்ஸ்

செக்காலைப் பகுதியில் டி.வி., செட்டாப் பாக்ஸ் பார்க்கும் சர்வீஸ் கடை என்னுடையது. ஒரு நாள் ரஹ்மத் வந்தாள். வீட்டிலேயே தையல் வேலை பார்ப்பவள், கணவர் துபாயில். சின்ன ரிப்பேர்களைத் தானே பார்க்க ஆசைப்பட்டு ஆன்லைனில் டூல் கிட் வாங்கியிருந்தாள். அதில் வயர் இணைப்பு அறுந்திருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்டர் இல்லை.

"நம்மளே ஒண்ணு செஞ்சிருவோமாக்கா?"

ஒரு பேட்டரி, ஒரு பஸ்ஸர், தொட்டுப் பார்க்க இரண்டு புரோப். வரிசையாக இணைத்து டூத் பிரஷ் டப்பாவுக்குள் அடக்கினோம். சால்டரிங் முழுக்க அவள்தான். புரோப் முனைகள் தொட்டுக்கொண்டதும் பஸ்ஸர் கத்தியது. கைதட்டிச் சிரித்தாள்.

சோதித்துப் பார்க்க அயர்ன் பாக்ஸைக் கொண்டுவந்திருந்தாள்.

"பிளக்குல தடிச்ச பின்னுதான் எர்த். அதுலயும் அடித்தட்டுலயும் வையி, கத்தணும்" என்றேன்.

சத்தமே இல்லை.

"எங்கயோ தப்பாச் சேத்துட்டேனோ?"

மறுபடி முனைகளைச் சேர்த்தாள், கத்தியது. டெஸ்டரில் குறையில்லை. எர்த்தை விட்டுவிட்டு, கரண்ட் வரும் மெல்லிய பின்னிலும் அடித்தட்டிலும் வைக்கச் சொன்னேன். அங்கே கத்தவே கூடாது. கத்தியது. பிளக்கை மாட்டினால் அடித்தட்டு முழுக்க கரண்ட்.

பின்மூடியைக் கழற்றினேன். எர்த் வயரை யாரோ வெட்டி, முனையில் டேப் சுற்றியிருந்தார்கள். கசிகிற கரண்ட் அந்த வயர் வழியே மண்ணுக்குப் போனால்தான் மெயின் டிரிப் ஆகி வீட்டுக் கரண்டைத் துண்டிக்கும்.

"மாட்டுனாலே மெயின் டிரிப் ஆகுதுன்னு எங்க தெரு மெக்கானிக்கிட்ட குடுத்தேங்க்கா. அதுக்கப்பறம் ஆகவே இல்ல. எப்பவாச்சும் சுள்ளுங்கும். செருப்பப் போட்டுக்கிட்டுத் தேய்ப்பேன்..."

பேச்சு பாதியில் நின்றது. சட்டென என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, கிரைண்டரும் அவருதான் பாத்தாரு. மாமி இந்நேரம் மாவாட்டிக்கிட்டு இருப்பாக."

மாமியாருக்கு போன் போட்டாள். எடுக்கவில்லை. ஆட்டோ பிடித்துப் போனோம். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஈரக் கையோடு மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார் மாமியார். ரஹ்மத் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தாள்.

"என்னடி, பாதி மாவுல நிப்பாட்டுற?"

பிளக்கைப் பிடுங்கி டெஸ்டரை வைத்தோம். எர்த் இல்லை. உள்ளேயும் அதே வெட்டு, அதே டேப். மெல்லிய பின்னில் டெஸ்டர் கத்தவில்லை; கரண்ட் இன்னும் பாடிக்கு வரவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். ரஹ்மத் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

அந்த மெக்கானிக்கிடம் போய்க் கேட்டோம். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்:

"டிரிப் ஆகக் கூடாதுன்னுதானே கேட்டீக? ஆகலைல்ல?"

எத்தனையோ எரிந்த போர்டுகளைப் பார்த்தவள் நான். இப்படி ஒரு பதிலை இப்போதுதான் கேட்டேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். டிரிப் ஆவது கோளாறு இல்லை. கோளாறு இருக்கிறது என்கிற எச்சரிக்கை. கோளாறைத் தேடுங்கள், எச்சரிக்கையை வெட்டாதீர்கள்.

அவரோடு சண்டை போட நாங்கள் நிற்கவில்லை. அவர் கை வைத்த சாமான்கள் அந்தத் தெருவில் இன்னும் பல வீடுகளில் இருந்தன. கையில் அந்த டெஸ்டரோடு ரஹ்மத் முதல் வீட்டுக் கதவைத் தட்டினாள்.