வார்டு வாசலில் ஒரு வாரேன்

காலையில் என்னைப் பார்த்ததும் என் மாமனார் "ஸிட் பௌ மாங்?" என்பார். சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். நான் பல்கூட விளக்கியிருக்க மாட்டேன். தைவானின் இந்த மலையூரில் ஹக்கா பேசுகிறவர்களுக்கு அதுதான் வணக்கம். எங்கள் சிக்கல் ஊரிலும் எதிரே வருகிறவரை அப்படித்தானே கேட்போம்? அந்த ஒரு கேள்வியை நம்பி, இந்த மொழி சீக்கிரம் கைக்கு வந்துவிடும் என்று நினைத்தேன். தலைக்கனம் இப்படித்தான் வரும்போல.

பக்கவாதம் வந்தபோது மாமனாருக்குச் சீன மொழி மறந்துபோனது. நான் முட்டி மோதிக் கற்றிருந்ததும் அதைத்தான். அவருக்கு ஹக்கா மட்டும் மிஞ்சியது. கணவர் வேலைக்குப் போய்விட, பகலில் ஆஸ்பத்திரியில் மாமியாரும் நானும். ஸூய் என்றால் தண்ணீர், துங் என்றால் வலி. வலிக்கிறது என்று புரியும். எங்கே என்று அவர் சொல்வது புரியாது.

அவரை வீட்டுக்கு அனுப்பிய அன்று, கடைக்குக் கிளம்பும்போது சொல்வதற்காகக் கணவர் கற்றுத்தந்த வாக்கியத்தை வார்டு வாசலில் நின்று உரக்கச் சொன்னேன். "ஙாய் ஸாய் லோய்." நான் மறுபடி வருகிறேன். ராமநாதபுரத்தில் அய்யாவுக்கு ஆபரேஷன் முடிந்து கிளம்பியபோது அம்மா ஒவ்வொரு கட்டிலாக நின்று "போயிட்டு வாரோம்" என்று சொன்னவர். ஒருமுறை நான் வாய்தவறி "போறேன்" என்றதற்கு, தெருமுனையிலிருந்து திரும்பக் கூப்பிட்டு, தண்ணீர் குடிக்கவைத்து, "வாரேன்" சொல்லவைத்துத்தான் காலேஜுக்கு அனுப்பினார். இங்கே நர்ஸின் சிரிப்பு நின்றது. மாமியார் என் மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்தார்.

"ஆஸ்பத்திரியில் அப்படிச் சொல்லக்கூடாது. திரும்பி வருவதென்றால் நோயோடுதானே வரவேண்டும்?" என்றார் கணவர் அன்று மாலை.

அடுத்த வாரமே அதே வார்டு. யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. திட்டியிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பேன். மாமனார் என்னைப் பார்த்து நீளமாக ஏதோ சொல்கிறார். தண்ணீரை நீட்டுகிறேன். "முமோய்" என்று கண்ணை மூடிக்கொள்கிறார். வேண்டாமாம். எது வேண்டும் என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

நேற்று வார்டு வாசலில் நிற்கும்போது அம்மா போன் செய்தார்.

"ஏத்தா, மாமாவுக்கு எப்படி இருக்கு?"

"அப்படியேதாம்மா இருக்கார்."

"பொங்கலுக்காவது வருவியா? வாரேன்னு ஒரு வார்த்தை சொல்லுத்தா, மனசத் தேத்திக்கிறேன்."

பக்கத்தில் மாமியார். அவருக்குத் தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாது. இருந்தும் அந்த வாசலில் நின்று அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அம்மா காத்திருந்தார்.