கார் ஓடாத தீவில் ஒரு விடுமுறை

எங்கள் அகதிப் பயணப் பத்திரத்துக்கு விசா கேட்காத இடமாகப் பார்த்து என் கணவர் கண்டுபிடித்தது அந்தத் தீவு. ஆங்கிலக் கால்வாயில் இருக்கும் பழைய குட்டி ஊர். அங்கே கார் ஓடக் கூடாது என்பது சட்டம். குதிரை வண்டி, சைக்கிள், அவசரத்துக்கு ட்ராக்டர், அவ்வளவுதான். தொண்ணூறுகளில் லண்டனில் மிட்சம் என்ற பகுதியில் இருந்த எங்களுக்கு அதுதான் முதல் விடுமுறை.

எனக்குப் போகவே மனமில்லை. என் தம்பி மாஸ்கோவில், ஆட்களைக் களவாக வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்டின் அறையில் அடைந்து கிடந்தான். எந்த நேரமும் அவனை லண்டனுக்கு ஏற்றி அனுப்பலாம். வந்து இறங்கினால் அவன் கையில் இருப்பது எங்கள் வீட்டு போன் நம்பர் ஒன்றுதான்.

"அண்ணை வீட்டில நிக்கிறார்தானே, போன் வந்தா எடுப்பார்," என்று கணவர் என் வாயை அடைத்தார். அண்ணை என்றது எங்கள் முன்னறையில் வாடகைக்கு இருந்தவரை.

தீவின் அமைதியை எல்லோரும் புகழ்ந்தார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. எங்கள் யாழ்ப்பாணத்தில் தெருவில் வாகனச் சத்தம் அடங்கினால் ஊரடங்கு, இல்லாவிட்டால் ஆமியின் சுற்றிவளைப்பு. பழைய கல் வீடுகளையும் ஒரு குட்டிச் சிறையையும் காட்டினார்கள். நான் தொலைபேசிக் கூண்டைத் தேடிக்கொண்டிருந்தேன். கணவரோ சைக்கிள் மணியை அடித்துச் சிரித்துக்கொண்டு போனார். அந்த மனிசனை அப்படியே கடலில் தள்ளிவிடலாம் போலிருந்தது.

பின்னேரம்தான் ஒரு கூண்டு கண்ணில் பட்டது. வீட்டுக்கு எடுத்தேன். அண்ணையின் குரலில் பெருமை வழிந்தது.

"தங்கச்சி, காலமை ஒரு வெள்ளைக்காரன் எடுத்தவன். உங்கட பேரைச் சொல்லி, இருக்கிறாவோ எண்டு கேட்டான். அப்பிடி ஒருத்தரும் இஞ்ச இல்லை எண்டு சொல்லிப்போட்டன். திரும்பவும் எடுத்தான். திரும்பவும் அதையேதான் சொன்னனான்."

அவரில் பிழை சொல்ல முடியாது. விசா முடிவு வராதவர்கள் தங்கும் எங்கள் வீடுகளில் அதுதான் வழக்கம். ஆங்கிலக் குரல் பெயர் சொல்லிக் கேட்டால், குடிவரவு அதிகாரியாக இருக்கும் என்ற பயத்தில், அப்படி யாரும் இல்லை என்போம்.

"எங்கயிருந்து எண்டு சொன்னவனோ?"

"எயார்போர்ட்டாம். ஆரோ பெடியன் உங்களைத் தன்ர அக்கா எண்டு சொல்லுறானாம். நான் உதுக்கெல்லாம் ஏமாறுவனே?"

அன்றைய கடைசிப் படகும் போயிருந்தது.

"அண்ணை, திரும்ப எடுத்தா ஓம் எண்டு சொல்லுங்கோ! நான் அவன்ர சொந்த அக்கா எண்டு சொல்லுங்கோ!" தெருவில் போனவர்கள் நின்று பார்க்கும்படி கத்தினேன்.



"சொல்லுறன் தங்கச்சி," என்றார் அண்ணை. "ஆனா இனி எடுக்க மாட்டன் எண்டு சொல்லித்தான் அவன் வைச்சவன்."