செல்லம்மாவுக்கு வாசித்த முடிவு

போன வாரம் என் மகள் ஒரு பழைய காதல் நாவலின் புதுப் பதிப்பை வாங்கி வந்தாள். இரண்டே நாளில் முடித்துவிட்டு, "அவன் வரமாட்டான்னு பாதியிலேயே தெரியுது. பெறகு எதுக்கும்மா அவ காத்துக் கெடக்கா?" என்று கேட்டாள். நான் புத்தகத்தை வாங்கிப் புரட்டினேன்.

புதுத்தாள் வாசனைக்கு நடுவே எனக்கு பைண்டிங் பசை மணத்தது. இந்த நாவலை அப்போது நாங்கள் யாரும் கடையில் வாங்கவில்லை. வாரப் பத்திரிகையில் தொடராக வந்ததைக் கிழித்துச் சேர்த்து பைண்டு போட்டு, வீடு வீடாகச் சுற்ற விடுவோம். நாயகி கண்ணீர் விடும் பக்கத்தைத் திருப்பினால் மோர்க்குழம்பு செய்முறை இருக்கும்.

விக்கிரமசிங்கபுரத்தில் நான் மில் வேலைக்குப் போன புதிது. பக்கத்து மிஷினில் செல்லம்மா. ஓடுகிற நூலில் அறுந்த இழை அவள் கண்ணுக்குத் தப்பாது, ஆனால் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாது. பம்பாய்க்குப் போன அவளுடைய அத்தானின் கடிதங்களை நான்தான் வாசித்துக் காட்டுவேன். அவை நின்றுபோன பிறகு, சாப்பாட்டு வேளையில் தினம் ஓர் அத்தியாயம் இந்த நாவலை வாசித்தேன். நாயகிக்கு ஒரு குரல், நாயகனுக்கு ஒரு குரல். பெரிய நாடகக்காரி என்று நினைப்பு எனக்கு.

அந்தச் சமயம் பார்த்து அவளுக்கு அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு வரன் வந்தது. நல்ல இடம். அவளோ, "கதை முடியட்டும், பொறவு சொல்லுதேன்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டாள்.

கடைசி அத்தியாயத்தில் நாயகன் வரவில்லை. செல்லம்மா தூக்குச்சட்டியைத் திறக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவனை வரவழைத்துவிட்டேன். ரயிலை விட்டு இறங்கி நாயகியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான் என்று வாசித்தேன். மறுநாளே அந்த வரனை வேண்டாமென்று சொல்லிவிட்டாள்.

அத்தான் பம்பாயிலேயே கல்யாணம் செய்துகொண்டார். செல்லம்மா கல்யாணமே செய்துகொள்ளவில்லை. ஒரு வாழ்க்கையைக் கெடுத்துவிட்டோமே என்று பல வருடம் மருகினேன். பாபநாசம் படித்துறையில் துணி அலசும்போது ஒருநாள் தாங்க முடியாமல் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். அவள் சேலையைப் பிழிவதை நிறுத்தவில்லை.

"அன்னைக்கே தெரியும்ட்டி. தாளைப் பாக்காம என் மூஞ்சியப் பாத்துல்லா வாசிச்ச" என்றாள். பிழிந்த சேலையை உதறிவிட்டு, "எனக்கும் அப்படித்தான் முடியணும்னு இருந்துச்சு" என்றாள்.

செல்லம்மா போய் இரண்டு வருடமாகிறது. அந்த ரயிலிலிருந்து அவன் இறங்கியதைக் கேட்டவள் அவள் ஒருத்திதான்.