மீன் பொரிக்கையில் அடித்த போன்

போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் சந்தேகப்படும் புத்தி என்னைவிட்டுப் போகவில்லை. போன வருஷம் அது என் மனைவி மேலேயே திரும்பியது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் ராஜபாளையம் மார்க்கெட்டுக்கு வண்டியில் போய், வஞ்சிரத்தைத் துண்டு போட்டு வாங்கி வருவேன். அவள் பையைப் பிரித்து மூக்கருகே கொண்டுபோவாள். பிடிக்கவில்லை என்றால், "இது நேத்து மீனு. திருப்பிக் குடுத்துட்டு வாங்க" என்பாள். வெயிலோடு மறுபடி போய் வந்திருக்கிறேன்.

மழைக்காலம் முடிந்ததும் இந்தப் பரிசோதனை நின்றுபோனது. கொடுத்ததை அப்படியே வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

"மீனு எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கும்."

'இருக்கு' என்று சொல்லவில்லை. 'இருக்கும்' என்றாள். அது என்னை உறுத்தியது.

பிறகு இன்னொன்றையும் கவனித்தேன். உப்பும் மஞ்சளும் போட்டு அலசி, பூண்டும் மிளகும் சேர்த்து அரைத்த மிளகாய் விழுதைத் தடவி, ஊறவைத்து, கல்லில் போடுவாள். எண்ணெய் சீறும் சத்தம் கேட்டுச் செத்த நேரத்தில் அவள் போன் அடிக்கும். உடனே நிற்கும். கொஞ்சம் கழித்து மறுபடி அடிக்கும்.

"யாரு போன்ல?"

"யாருமில்ல. போன் கம்பெனிக்காரன்."

வாராவாரம் மீன் பொரிக்கும்போதுதான் கம்பெனிக்காரன் கூப்பிடுவானா? மம்சாபுரத்தில் இருக்கும் அவள் தம்பியோடு எனக்குப் பல வருஷமாகப் பேச்சில்லை. அவனாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். அவள் குளிக்கப் போனபோது போனை எடுத்துப் பார்த்தேன். அந்த நேரத்தில் எந்த அழைப்பும் இல்லை. அழித்துவிட்டாள் என்று முடிவு கட்டினேன்.

ஒரு ஞாயிறு அவள் போனில் சார்ஜ் இறங்கி, அணைந்துபோய் ஹாலில் கிடந்தது. நானே சார்ஜ் போட்டு, உயிர் வந்ததும் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். அவன் கூப்பிட்டால் இன்று நானே எடுப்பது என்று இருந்தேன். போன் அடிக்கவே இல்லை. கருகல் வாடைதான் வந்தது.

அடுப்படிக்கு ஓடினேன். அவள் அடுப்புக்கு முதுகைக் காட்டி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கல்லில் துண்டுகளின் ஓரம் கறுத்துவிட்டது.

"ஏட்டி, கருகுது! தெரியலையா?"

பதறி அடுப்பை அணைத்தாள். அப்படியே நின்றாள்.

"தெரியலைங்க. மழைக்காலத்துல வந்துச்சே, அந்தக் காய்ச்சலுக்குப் பொறவு எனக்கு ஒரு வாசனையும் தெரியல."

"அப்ப அந்தப் போனு?"

"அலாரம். அதை வச்சுத்தான் திருப்பிப் போடுதேன். இன்னிக்குப் போனு ஒங்க பக்கத்துல இருந்துச்சு, வைக்க முடியல."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"மோப்பம் இல்லாதவ சமைச்சத யாரு நம்பித் திம்பா?"

அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"நீங்க யாருன்னு நெனச்சீய? எந் தம்பின்னா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். கறுத்த ஓரங்களைச் சுரண்டிப் போட்டுவிட்டு, மீனை எனக்குப் பரிமாறினாள்.

டாக்டர் பார்த்துவிட்டு, மோப்பம் திரும்ப வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம் என்றார். இப்போது மார்க்கெட்டில் நான்தான் செவுளைத் தூக்கி மோந்து பார்க்கிறேன். வீட்டுக்கு வந்ததும் விசாரணை அவளுடையது.

"நெசமாவே மோந்து பாத்தீயளா? இல்ல, கடைக்காரன் சொன்னத நம்பி வாங்கியாந்துட்டீயளா?"

பார்த்தேன் என்று நான் சொன்னாலும், ஒவ்வொரு துண்டையும் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் மஞ்சளைக் கையில் எடுக்கிறாள்.