காருக்கு அடியில் மீன் பேசின்

எங்கள் வீட்டில் கார் ஓட்டுவது நான், சமைப்பது என் வீட்டுக்காரர். கடலூரில் எங்கள் தெருவில் இதை இன்றைக்குச் சொன்னாலும் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அவருக்கு மஞ்சக்குப்பத்தில், நடந்தே போகிற தூரத்தில் ஆபீஸ். எனக்குச் சிதம்பரத்தில் பள்ளிக்கூடம், அறிவியல் டீச்சர் வேலை. நாலு வருடம் பஸ்ஸில் ஒற்றைக்காலில் நின்று போய்வந்த பிறகு, இரண்டாயிரத்து ஒன்பதில் ஒரு பழைய சின்னக் கார் வாங்கினேன். விற்றவர் லால்பேட்டைக்காரர், மறுபடியும் துபாய்க்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கார் வந்த நாளிலிருந்து எனக்குப் புதுக்கல்யாணம் ஆன மாதிரி இருந்தது. பழைய கல்யாணக்காரருக்கு அது பிடிக்கவில்லை.

ஆறாவது மாதம் ஆயில் குறைய ஆரம்பித்தது. மெக்கானிக் கடையில் ஆயில் மாற்றிக்கொண்டு வந்த மறுநாள் காலை, வீட்டு வாசலில் இன்ஜினின் ஆயில் அளவுக் குச்சியை உருவிப் பார்த்தால் கீழ்க்கோட்டுக்கும் கீழே நிற்கிறது. மெக்கானிக்குக்குப் போன் செய்தேன்.

"குறையுதுன்னா இன்ஜின் குடிக்குதும்மா. பிஸ்டன் ரிங்கு போயிருக்கும், இன்ஜின இறக்கித்தான் பாக்கணும். சார பேசச் சொல்லுங்க."

சாருக்கு பிரேக் எது, கிளட்ச் எது என்று தெரியாது. இருந்தாலும் பேசினார். பேசிவிட்டு, இதற்காகவே ரொம்ப நாள் காத்திருந்தவர் போல, "இன்னொரு தடவ கொறஞ்சா வித்துடலாம். பஸ்ஸு ஓடிக்கினுதானே இருக்குது" என்றார்.

பஸ் என்றால் என்ன என்று அவருக்கு என்ன தெரியும்? என் சந்தேகம் முழுக்க மெக்கானிக் மேல். பொம்பளை வண்டிதானே என்று பாதி ஊற்றி அனுப்புகிறார் என்று முடிவுகட்டி, பள்ளிக்கூடத்தில் சக டீச்சர்கள் அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டேன்.

"இந்தத் தடவ நானே வீட்டுல மாத்துறேன். எவ்ளோ வெளிய வருது, எவ்ளோ உள்ள போவுதுன்னு அளந்துடுறேன். அதுக்கப்புறமும் கொறஞ்சா வித்துக்குங்க" என்றேன்.

சொன்ன பிறகுதான் வீட்டில் ஒரு ஸ்பேனர்கூட இல்லை என்பது உறைத்தது.

சிதம்பரம் தெற்கு வீதியில் ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போய் பதினேழாம் நம்பர் ஸ்பேனர் கேட்டேன். கடைக்காரர் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "சார் வரலீங்களா? ரிங்கு ஸ்பேனரா, வாய் ஸ்பேனரான்னு சார்கிட்ட கேட்டுக்கிறேன்."

"சார் சாம்பார் வெச்சிக்கிட்டிருக்காரு. நீங்க ரெண்டையும் எடுத்து வைங்க" என்றேன்.

மனிதர் அதற்குப் பிறகு மரியாதையாகப் பேசினார். வாய் ஸ்பேனர் போட்டால் நட்டின் மூலை மழுங்கிவிடும், ஆறு பக்கமும் பிடிக்கிற ரிங் ஸ்பேனர்தான் சரி என்று விளக்கினார். ஆயில் ஃபில்டரைக் கழற்றும் சங்கிலிச் சாமான் அவரிடம் இல்லை. "கையாலயே திருப்பிடலாங்க, கொஞ்சம் பலம் வேணும்" என்றார். அதற்கும் ஒருமுறை என் பின்னால் எட்டிப் பார்த்தார்.

உண்மையான பாடு பாத்திரத்தில்தான் வந்தது. மூன்று லிட்டர் பழைய ஆயிலைப் பிடிக்க வேண்டும். வாளி காருக்கு அடியில் நுழையவில்லை. தாம்பாளம் நுழைந்தது, ஆனால் ஒரு லிட்டரிலேயே வழிந்துவிடும். அகலமும் வேண்டும், குட்டையாகவும் இருக்க வேண்டும், விளிம்பும் வேண்டும். அப்படி வீட்டில் இருந்தது ஒரே ஒரு எவர்சில்வர் பேசின். அதைத் தொட்டதும் சமையல்காரர் ஓடி வந்தார்.

"அதுல நான் புளியோதரை கெளறுவேன்."

"கழுவித் தந்துடுறேன்."

"நீ இதுவரைக்கும் எதக் கழுவியிருக்கிற?"

பேசினை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். ஓரம் வெட்டிய எண்ணெய் டின் யோசனையும் கையைக் கிழித்துக்கொண்டதோடு முடிந்தது. நான் வாசலில் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு நின்றபோது, தேவனாம்பட்டினத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்கா கூடையை இறக்கினாள். கதையைக் கேட்டுவிட்டு அவள் சிரிக்கவில்லை.

"இதுக்கா இந்தப் பாடு? சுனாமி நிவாரணத்துல எங்க வூட்டுக்கு மட்டும் ஏழு அலுமினிய பேசினு குடுத்தாங்க. வீடு போயிடுச்சு, பேசினு மட்டும் ஏழு. ஒண்ணு எடுத்தாறேன். கடலுக்குப் போற எங்க போட்டு இன்ஜினுக்கு நாந்தானே ஆயிலு மாத்துறேன், எங்க வூட்டு ஆளுக்கு எங்க கண்ணு தெரியிது?"

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா பேசினோடு வந்தாள். அளப்பதற்கு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் மூன்றும், ரேஷன் மண்ணெண்ணெய் ஊற்றும் புனலும் எடுத்துவைத்தேன். இடம் தேடவே வேண்டியிருக்கவில்லை. கொஞ்ச நாள் முன்புதான் தெருச் சாக்கடையை உயர்த்திக் கட்டியிருந்தார்கள். எல்லா வீட்டுக்காரர்களையும் போல நாங்களும் அதன்மேல் சிமெண்டுச் சரிவு போட்டு, அதில் காரை ஏற்றி நிறுத்திவந்தோம். முன்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்பதால் அடியில் படுக்க வசதி. பின்சக்கரத்துக்கு முட்டாக ரெண்டு செங்கல் வைத்துவிட்டு, பழைய நைட்டியோடு உள்ளே நுழைந்தேன். தெருவில் மூன்று வீட்டு ஜன்னல்கள் திறந்தன.

ஆயில் வடிக்கிற நட்டு கழன்றது. ஆயில் பேசினில் விழுந்தது, கொஞ்சம் என் முழங்கையிலும். ஃபில்டர் மட்டும் அசையவில்லை. வழுக்கியது. அக்கா மீன் கழுவ வைத்திருந்த சாம்பல் பொட்டலத்தைப் பிரித்து, உள்ளங்கையில் அப்பிக்கொண்டு, கெளுத்தி மீனைப் பிடிக்கிற மாதிரி ஒரு பிடி பிடித்தாள். இரண்டு திருகில் ஃபில்டர் வந்துவிட்டது.

பழையதை அளந்தேன். இரண்டரை பாட்டில். "அரை லிட்டரக் குடிச்சிருக்குது" என்றார் வீட்டுக்காரர், கரண்டியோடு வாசலில் நின்றபடி. "இல்ல, மெக்கானிக் அரை லிட்டர் ஏமாத்தியிருக்கான்" என்றேன் நான். புதுஃபில்டர் மாட்டி, நட்டை முடுக்கி, புது ஆயில் மூன்று லிட்டர், சொட்டுக்கூடச் சிந்தாமல் ஊற்றினேன். வண்டியை ஒருமுறை ஓடவிட்டு அணைத்து, பத்து நிமிடம் காத்திருந்து, துடைத்த குச்சியை விட்டு உருவினேன்.

கீழ்க்கோட்டைத் தொட்டும் தொடாமலும் இருந்தது.

"ஊத்தின சூட்டுலயே குடிச்சிடுச்சே" என்றார் அவர். குரலில் சந்தோஷமா துக்கமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. மெக்கானிக்கையும் இனிமேல் திட்ட முடியாது, ஊற்றியது என் கை. காலையில் சிதம்பரம் பஸ்ஸில் யாருடைய டிபன் கேரியர் என் விலாவில் இடிக்கும் என்றுகூட எனக்குத் தெரிந்துவிட்டது.

அக்கா குச்சியை வாங்கிப் பார்த்தாள். காரைச் சுற்றி ஒருதரம் நடந்தாள்.

"டீச்சர், வண்டி மூஞ்சிய மேல தூக்கிக்கினு நிக்கிது. போட்டு அலையில ஏறி நிக்கும்போது எவனாச்சும் ஆயிலு பாப்பானா? கரையில சமமா வெச்சில்ல பாக்கணும்."

திரவம் எப்போதும் தன் மட்டத்தில்தான் நிற்கும் என்று ஒன்பதாம் வகுப்புக்கு வருடா வருடம் நடத்துகிறவள் நான். பாத்திரத்தைச் சாய்த்துப் படமும் போட்டுக் காட்டுவேன், பரீட்சைக்கும் கேட்பேன்.

செங்கல்லை எடுத்து, காரைச் சமமான தெருவுக்கு இறக்கினேன். கொஞ்ச நேரம் பொறுத்துக் குச்சியை விட்டேன். ஆயில் மேல்கோட்டையும் தாண்டி ஒரு விரல் உயரம் நின்றது. அந்த அரை லிட்டரை இன்ஜினும் குடிக்கவில்லை, மெக்கானிக்கும் ஏமாற்றவில்லை. சரிவில் நின்றதால் வடியாமல் உள்ளேயே ஒரு மூலையில் தங்கியிருக்கிறது. அதன்மேல் மூன்று லிட்டரையும் ஊற்றியிருக்கிறேன். கூடுதலை எடுக்கத் திரும்பவும் படுத்தேன். தரையில் காருக்கும் எனக்கும் நடுவில் பேசின் நுழைந்த பிறகு மூச்சு விடத்தான் இடமில்லை. கொஞ்சம் என் தலைக்கும் கிடைத்தது. பழைய ஆயிலை அக்கா நங்கூரத்துக்குத் தடவவென்று பேசினோடு கொண்டுபோனாள்.

நான் சீயக்காயோடு கிணற்றடியில் உட்கார்ந்து வெற்றிக் களிப்பில் கத்தினேன். "கேட்டீங்களா? ஒரு சொட்டுக்கூடக் குடிக்கல. இனிமே விக்கிற பேச்சே வரக் கூடாது."

அவர் என் தலையில் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தார். சொம்பு நின்றது.

"ஆயிலுக்காகச் சொல்லல."

"பின்ன?"

"சிதம்பரம் ரோட்டுல புதுச்சத்திரம் பக்கம் பஸ்ஸுக்காரன் எப்படி வரான்னு பாத்திருக்கேன். நீ வீடு வர வரைக்கும் எனக்கு வேலையே ஓட மாட்டேங்குது. ரெண்டு தடவ உப்பு போட்டுடுறேன். பயமாயிருக்குன்னு சொன்னா சிரிப்ப. அதான் பழிய ஆயில் மேல போட்டேன்."

சிரிப்பேன் என்பது உண்மை. அவருடைய உப்புச் சாம்பாரைப் பற்றியும் சக டீச்சர்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம் வந்தது, கூடவே வெட்கமும் வந்தது. வண்டியை விற்கவும் எனக்கு மனசு வராது, அவரை அப்படியே விடவும் வராது.

"புதுச்சத்திரம் தாண்டினதும் ஓரமா நிறுத்தி ஒரு மிஸ்டு கால் குடுக்கிறேன். போவும்போது ஒண்ணு, வரும்போது ஒண்ணு. போதுமா?" என்றேன்.

"நெதமுமா?"

"நெதமும்."

சொம்பு மறுபடி சாய்ந்தது.

மறுநாள் காலை புதுச்சத்திரம் தாண்டி, ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி, போன் அடித்தேன். மிஸ்டு கால் என்றால் எடுக்கக் கூடாது, அது உலகத்துக்கே தெரியும். முதல் மணி முழுசாக அடிப்பதற்குள் எடுத்துவிட்டார்.

"சொல்லு" என்றார். "தாண்டிட்டேன்" என்றேன். அவர் வைக்கவில்லை. பஸ் ஒன்று என் காரை உரசுகிற மாதிரி ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. அது போய் முடிகிறவரை இரண்டு பேரும் போனைக் காதோடு வைத்திருந்தோம்.